இருபத்தோரு காட்சியும் ஒரு குடையும்

காட்சி தொடங்க இன்னும் பதினொரு நிமிஷம் இருந்தது. விற்ற டிக்கெட் பூஜ்ஜியம்.

"ஒண்ணு கூடவா போகல?" என்று வீட்டுக்காரர் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

டிக்கெட் கொடுக்கிற அம்மா கண்ணாடிக்குப் பின்னால் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். "போனா சொல்ல மாட்டேனா சார்? முந்தானையில முடிஞ்சா வச்சுக்கப் போறேன்?"

வீட்டுக்காரருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் மனைவி சினிமா டைரக்டர் ஆனதிலிருந்து யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வரி அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக கிளார்க்காக இருக்கிற மனுஷன், இப்போது ஊர் முழுக்க "டைரக்டரம்மா வீட்டுக்காரர்". இரண்டாம் மாடியில் எண்பத்து நாலே நாற்காலி உள்ள இந்தச் சின்னத் தியேட்டருக்கு வந்த அரை மணி நேரத்தில் அதுவும் சுருங்கி வெறும் "வீட்டுக்காரர்" ஆகிவிட்டது.

மனைவி பதினொரு வருஷம் மற்றவர்களுக்கு உதவி டைரக்டராக வெயிலில் நின்றவள். ஒரு வழியாக அவளுக்கென்று ஒரு படம் கிடைத்தது. தியேட்டருக்கு அல்ல, போனிலும் டிவியிலும் பார்க்கிற கம்பெனிக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை அதில் வருகிறது. அதற்குள் படத்தை விருதுக்கு அனுப்ப வேண்டும். முதல் படத்துக்கான விருது ஆயுசுக்கு ஒரு தடவைதான். இந்த வருஷம் விட்டால் போச்சு.

விருதுக்கு ஒரு விதி இருந்தது. படம் தியேட்டரில் ஏழு நாள், நாளைக்கு மூணு காட்சி, இடைவிடாமல் ஓட வேண்டும். ஒவ்வொரு காட்சியிலும் விளக்கு அணையும்போதும் மறுபடி எரியும்போதும் டிக்கெட் வாங்கிய ஒருவராவது உள்ளே இருக்க வேண்டும். அவர் அந்தப் படத்துக்கு ரத்தத்தாலோ, கல்யாணத்தாலோ, சம்பளத்தாலோ சொந்தமாக இருக்கக் கூடாது. பார்க்க வருகிறவருக்கு எதையும் இலவசமாகத் தரவும் கூடாது. கண்காணிப்பாளர் எந்த நேரமும் சொல்லாமல் வரலாம்.

இந்த விதியை வைக்கச் சொல்லிப் பேப்பரில் முழங்கியவர் எதிரே இருக்கும் பெரிய தியேட்டரில் ஓடும் படத்தின் தயாரிப்பாளர். 'மெத்தையில் படுத்துக்கொண்டு பார்க்கிற படமும் எங்கள் படமும் ஒன்றா?' என்று அரைப் பக்கத்துக்கு அறிக்கை விட்டிருந்தார். அவர் படமும் அதே விருதுக்குத்தான் போட்டி.

"அவர் கேக்கறதுல என்னங்க தப்பு?" என்றாள் மனைவி. "விதின்னா எல்லாருக்கும் விதிதான். ஒரு ஆள் வர மாட்டாங்களா என் படத்துக்கு?"

அவள் வேறொரு படத்துக்காக வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஏழு நாள் லீவு போட்டுவிட்டு, "நீ நிம்மதியா இரு, நான் பாத்துக்கறேன்" என்று மார் தட்டினார்.

மார் தட்டியவர் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். போன மாதமே ஆபீசிலும், குடியிருக்கும் கட்டடத்திலும், முடி வெட்டுகிற கடையிலும், "எங்க வீட்டம்மா படம் போன்லயே வருது, வீட்ல இருந்தபடியே பாத்துடுங்க" என்று தமுக்கு அடித்திருந்தார். இப்போது தியேட்டருக்கு வரச் சொன்னால் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "அதான் அடுத்த வாரம் போன்லயே வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வாயால் கெடுமாம் தவளை. நமது வீட்டுக்காரரும் அந்த ஜாதிதான்.

காட்சிக்கு மூணு நிமிஷம் இருக்கும்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. அறுபது வயசு மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர், வெளியே நல்ல வெயிலில் கையில் கறுப்புக் குடையோடு வந்தார். ஒரு டிக்கெட் வாங்கினார். டிக்கெட்டின் பாதியை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார்.

"உள்ள எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டார்.

"யாருமில்ல. நீங்கதான் சார் போணி" என்றார் டிக்கெட் அம்மா.

குடைக்காரர் முகத்தில் ஒரு திருப்தி ஓடியது. சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வீட்டுக்காரருக்கு அவர் காலில் விழலாம் போல் இருந்தது.

மூணு மணிக் காட்சிக்கும் அதே குடை வந்தது. ஏழு மணிக் காட்சிக்கும் வந்தது. மறுநாள் மூணு காட்சிக்கும் வந்தது.

மனைவி போனில் கேட்டாள். "யாராவது வந்தாங்களாங்க?"

"வந்தார். அதாவது, வந்தாங்க. வந்தவங்களே திரும்பத் திரும்ப வர்றாங்க."

"திரும்பவா? என் படத்தையா?" அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "பதினொரு வருஷங்க. ஒருத்தர் ரெண்டாவது தடவை பாக்கறார்னா அது போதும் எனக்கு."

எப்பாடு பட்டாவது இந்த ஏழு நாளையும் ஓட்டிவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, படம் ஓட்டுகிற ஆபரேட்டர்தான் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"சார், ஒரு மனுஷன் ஒரே படத்தை ஆறு தடவை பாப்பானா? அதுவும் நம்ம படத்தை?"

"ஏன், நம்ம படத்துக்கு என்ன?"

"குறை சொல்லல சார். லிஃப்டு ரிப்பேர் பண்ற பொண்ணு, அந்த லிஃப்டுலயே மாட்டிக்கறா. நாப்பது நிமிஷம் மாட்டிட்டு நிக்கிறா. அதுல ஒம்பது நிமிஷம் பேச்சே கிடையாது. என் மாமியாரைக் கூட்டிட்டு வந்து காட்டினா அவங்களே அடங்கிடுவாங்க. ஆனா இவர் நோட்டுல எழுதறார். டிக்கெட்டைப் பத்திரப்படுத்தறார். திரும்பித் திரும்பி சீட்டை எண்ணறார். இவர் யாருன்னு நினைக்கறீங்க?"

வீட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். "கண்காணிப்பாளர்!"

"அதேதான்."

முதலில் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்காணிப்பாளரை நன்றாகக் கவனித்துக்கொண்டால் நல்லபடியாக எழுதுவார் அல்லவா? கீழே ஓடிப்போய்ப் பெரிய பொட்டலம் பாப்கார்ன் வாங்கிவந்து குடைக்காரரின் மடியில் வைத்தார்.

"இது எதுக்கு?"

"சும்மா சார். உங்களுக்காக."

"சும்மாவா?" என்று புருவத்தைத் தூக்கிய குடைக்காரர் நோட்டை எடுத்தார்.

அப்போதுதான் 'எதையும் இலவசமாக' என்ற வரி வீட்டுக்காரரின் கண் முன்னால் வந்து நின்றது. "சும்மா இல்ல சார்! சும்மாவே இல்ல! காசு குடுங்க சார், தயவு செஞ்சு காசு குடுங்க!"

குடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காசை எடுத்துக் கொடுத்தார். "ரசீது?"

வீட்டுக்காரர் மறுபடி கீழே ஓடி, பாப்கார்ன் கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு ரசீது எழுதி வாங்கி வந்தார். மூச்சு இரைத்தது. இரைப்பு அடங்கியபோது அதைவிடப் பெரிய பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. கண்காணிக்க வந்தவரைப் பார்வையாளர் கணக்கில் சேர்ப்பார்களா?

விருது அலுவலகத்துக்குக் குரலை மாற்றிப் போன் போட்டார்.

"அதெப்படிங்க சேரும்?" என்றது அந்தப் பக்கத்துப் பெண் குரல். "பரீட்சை ஹால்ல மேற்பார்வை பாக்க வந்த வாத்தியார், பரீட்சை எழுதினதா கணக்காகுமா? ஆமா, நீங்க எந்தப் படம்?"

சட்டென்று போனை வைத்துவிட்டார்.

அப்படியானால் ஓடிய ஆறு காட்சியும் ஆளில்லாத காட்சி! மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது? சொல்லவில்லை. வரி அலுவலகத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவர் ஆயிற்றே, எந்தத் தப்புக்கும் ஒரு மன்னிப்பு மனு உண்டு என்பது அவர் நம்பிக்கை. போன ஆறு காட்சிக்கு மனு போட்டுக்கொள்ளலாம். மீதிக்காவது ஆள் பிடித்தே ஆக வேண்டும்.

முதலில் அகப்பட்டவன் மச்சினன்.

"மாமா, நான் சொந்தம்னு விதி ஒத்துக்காதே?"

"உன் நெத்தியில ஒட்டியா இருக்கு அக்கா தம்பின்னு? தொப்பி போட்டுக்கோ, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கோ, வாயைத் திறக்காம உட்காரு மாப்ளே. அது போதும்."

தொப்பியும் கண்ணாடியுமாக மச்சினன் இருட்டில் மூணு நாற்காலியில் முட்டிக்கொண்டு நாலாவதில் உட்கார்ந்தான். திரையில் 'எழுத்தும் இயக்கமும்' என்று போட்டு அக்கா பெயர் வந்தது. அவனால் தாங்க முடியவில்லை.

"எங்கக்கா! அது எங்கக்கா!" என்று எழுந்து நின்று விசில் அடித்தான்.

கடைசி வரிசையில் நோட்டு திறந்தது.

வீட்டுக்காரர் பாய்ந்து போய் மச்சினனின் காலரைப் பிடித்தார். "யார் சார் நீங்க? இந்தப் படத்துக்குச் சொந்தக்காரங்க உள்ள வரக் கூடாது! வெளிய போங்க!" என்று குடைக்காரர் காதில் விழும்படி கத்தி, இழுத்துக்கொண்டு போய் வெளியே விட்டார். அரை மணி நேரத்தில் மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"என் பிள்ளையைச் சட்டையைப் பிடிச்சுத் தள்ளினீங்களாமே மாப்பிள்ளை. நல்லா இருங்க."

அந்த 'நல்லா இருங்க'வில் இருந்த வேகத்தில் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் புதிதாக ஒரு வழி தென்பட்டது. தியேட்டருக்குக் கீழே, முதல் மாடியில் ஒரு பல் டாக்டர். அவரிடம் எப்போதும் எட்டுப் பத்துப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். வீட்டுக்காரர் உள்ளே நுழைந்து, "இங்க ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கறதுக்கு மேல வந்து ஏசியில படம் பாக்கலாமே?" என்றார். நாலு பேர் டிக்கெட் வாங்கினார்கள்! நாலு பேர்! டிக்கெட் அம்மா ஸ்வெட்டரையே கீழே வைத்துவிட்டார்.

இருபது நிமிஷம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள்.

"டோக்கன் ஏழு! டோக்கன் ஏழு யாருங்க?"

ஒருவர் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் டோக்கன் எட்டு போனார். ஒன்பது நிமிஷ மௌனக் காட்சி வந்தபோது மீதி இருந்த இருவரில் ஒருவருக்கு வலி உச்சத்துக்கு ஏறி, "ஐயோ அம்மா!" என்று அலறினார். படத்திலேயே மிக நல்ல இடம் அது. கடைசியில் டோக்கன் பத்தும் போய், விளக்கு எரிந்தபோது உள்ளே இருந்தது குடை மட்டும்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். லிஃப்டுக் கதவு திறந்து அந்தப் பெண் வெளியே வருகிற கடைசி இடத்தில் குடைக்காரர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினைந்தாவது தடவை பார்க்கிறார் மனுஷன்.

இப்படியே இருபது காட்சி ஓடி முடிந்தது. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஓர் ஓட்டை. வந்தவர்கள் பாதியில் போனார்கள், இல்லாவிட்டால் வரவேயில்லை.

ஏழாம் நாள் கடைசிக் காட்சி. சாமி கண் திறந்ததுபோல ஓர் இளம் ஜோடி வந்து இரண்டு டிக்கெட் வாங்கியது. படம் பார்க்க வந்தவர்கள் இல்லை, சண்டை போட இடம் தேடி வந்தவர்கள் என்பது உட்கார்ந்த பத்தாவது நிமிஷமே தெரிந்தது.

"நான் போறேன்!" என்று எழுந்தாள் அவள்.

"போ, நானும் போறேன்!" என்று எழுந்தான் அவன்.

இந்த ஒரு காட்சியாவது உருப்படியாக இருக்கட்டும் என்று தவித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்குப் புத்தி மழுங்கிவிட்டது. வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டார்.

உள்ளே இருந்து தட்டினார்கள். கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். தட்டல் இடியாக மாறியது.

நல்ல வேளையோ கெட்ட வேளையோ, படத்தில் அந்தப் பெண் லிஃப்டுக் கதவை இடிக்கிற கட்டமும் அப்போதுதான் வந்தது. மேலே ஆபரேட்டர், "அடேயப்பா, இன்னைக்கு சவுண்டு பிரமாதம்!" என்று இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்தார். டிக்கெட் அம்மாகூட, "இந்த சீன்ல இத்தனை நாள் இவ்வளவு உயிர் இல்லையே சார்" என்றார்.

பிறகு படத்தில் பெண் இடிப்பதை நிறுத்தி, ஒன்பது நிமிஷ மௌனம் தொடங்கியது. இடி மட்டும் நிற்கவில்லை.

"கதவைத் திறய்யா! பாத்ரூம் போகணும்!" அது குடைக்காரரின் குரல்.

வீட்டுக்காரர் தாழ்ப்பாளை எடுத்தார். முதலில் வந்தது ஜோடி. அவன் அவள் கையைப் பிடித்திருந்தான். "ஆளைப் பாரு, பைத்தியம்!" என்று இருவரும் ஒரே குரலில் அவரைத் திட்டிவிட்டு, ஒற்றுமையாகப் படியிறங்கிப் போனார்கள். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்த புண்ணியமாவது மிச்சம்.

குடைக்காரர் பாத்ரூம் போய்விட்டு நிதானமாகத் திரும்பி வந்தார். மறுபடி கடைசி வரிசையில் உட்கார்ந்து, விளக்கு எரியும்வரை பார்த்தார். வெளியே வரும்போது நோட்டைத் தட்டிக் காட்டினார்.

"ஒண்ணு விடாம எழுதியிருக்கேன். நாளைக்குக் கொண்டு போய்க் குடுக்கறேன். உங்க கதை முடிஞ்சுது."

அதிலிருந்து நாலாவது நாள் விருது அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இருவரும் நேரில் வர வேண்டுமாம். மனைவி ஊரிலிருந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் போகும்போது வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். பாப்கார்ன், மச்சினன், டோக்கன் ஏழு, தாழ்ப்பாள் என்று ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு கேட்டாள். "அந்தத் திரும்பத் திரும்பப் பாத்தவர்?"

"அவர்தாம்மா கண்காணிப்பாளர்."

"அப்ப ஒருத்தர்கூட இல்ல."

"என்னை நாலு அடி அடிச்சுடும்மா."

"விடுங்க" என்றாள். அந்த 'விடுங்க' மாமியாரின் 'நல்லா இருங்க'வைவிடக் கனமாக இருந்தது. அவர் பாக்கெட்டில் ஆறு பக்க மன்னிப்பு மனு இருந்தது. அதை எடுத்துக் காட்டவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

அதிகாரியம்மாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"வாழ்த்துகள். உங்க படத்துக்குத் தகுதி உண்டு. போட்டிப் பட்டியல்ல சேர்த்தாச்சு. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

மனைவி காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு அங்கேயே, அதிகாரியின் மேஜை முன்னாலேயே, புருஷன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். வீட்டுக்காரருக்கு இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கியது. மூச்சு இவ்வளவு சுகமாக வரும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. மனுவைச் சத்தமில்லாமல் கசக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வராந்தாவுக்கு வந்த பிறகும் மனசு கேட்கவில்லை. கட்டுக் கட்டாக ஃபைல் சுமந்துகொண்டு வந்த பியூனை மடக்கினார்.

"ஏங்க, உங்க கண்காணிப்பாளர், அதான், குடை வச்சுக்கிட்டு ஒல்லியா இருப்பாரே, அவர் ரொம்ப நல்லவருங்க. எங்களைக் காப்பாத்திட்டார். அவருக்கு ஒரு நன்றி சொல்லணும்."

பியூன் ஃபைலை இடுப்பில் முட்டுக் கொடுத்து நிறுத்திக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"அவரா கண்காணிப்பாளர்? எதிர்த் தியேட்டர் படத் தயாரிப்பாளரோட மாமனார் சார் அவர். 'இருபத்தோரு காட்சியும் நானே டிக்கெட் வாங்கி, விளக்கு அணையறதுலேர்ந்து எரியற வரைக்கும் இருந்து பாத்தேன், என்னைத் தவிர கடைசி வரைக்கும் ஒரு ஈ காக்கா இல்ல'ன்னு அத்தனை டிக்கெட்டையும் ஒட்டி எங்களுக்குப் புகார் குடுத்தார், நாங்களும் எண்ணிப் பாத்தோம், காட்சிக்கு ஒரு ஆள், சரியா இருந்துது!"